நெஞ்சுக்குழியில் இரண்டு வலிகள்

மேல்வயிற்றில் வலி என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு 'கேஸ்'. ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, பெருங்காயம் போட்ட மோர், பெட்டிக்கடை சோடா, கடைசியாக மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை என்று வைத்தியமும் அதே வரிசையில் நடக்கிறது. பெரும்பாலான நாட்களில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்துவிடுகிறது. அதனால் அது தவறும் நாளில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இரண்டு நாள் சோடாவிலும் மாத்திரையிலும் கழிந்து, குளிர் ஜுரம் கண்டு, நிமிர்ந்து நடக்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் 'பித்தப்பை அழற்சி' என்ற சொல்லைப் பலர் முதல்முறையாகக் கேட்கிறார்கள்.

இரைப்பையிலிருந்து வரும் வலியையும் பித்தப்பையிலிருந்து வரும் வலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றை மற்றொன்றாக நினைப்பதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருப்பது தெரியும். பிரித்தறியும் வழியும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த வழி, எந்த இடத்தில் வலிக்கிறது என்ற கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. எவ்வளவு நேரமாக வலிக்கிறது, மூச்சை இழுத்தால் என்ன ஆகிறது, படுக்க முடிகிறதா என்ற கேள்விகள்தான் விஷயத்தைச் சொல்லும்.

முதலில் இடக் குழப்பம். கருவில் இரைப்பை, முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதி, கல்லீரல், பித்தப்பை எல்லாமே முன்குடல் என்ற ஒரே குழாயிலிருந்து முளைத்தவை. வளர்ந்த பிறகு ஆளுக்கொரு மூலையில் அமர்ந்தாலும், வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் இவற்றில் எது வலித்தாலும் மூளை அதை நெஞ்சுக்குழியில் என்றே முதலில் படித்துக்கொள்கிறது. பித்தப்பை வலப்பக்க விலாவுக்கு அடியில் இருக்கிறது, ஆகவே வலியும் அங்கேதான் தொடங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அழற்சி பித்தப்பையின் சுவரைத் தாண்டி, வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைத் தொட்ட பிறகுதான் வலி வலப்பக்கம் நகர்ந்து ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். நெஞ்சுக்குழியில் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே இறங்கி அங்கேயே தங்கினால், அந்த நகர்வு ஒரு முக்கியமான தடயம். இரைப்பை வலி இப்படி இடம் மாறிக் குடியேறுவதில்லை.

இரண்டு உறுப்புகளும் நோய்ப்படும் விதம் முற்றிலும் வேறு. இரைப்பையின் சிக்கல் அமிலமும், அதைத் தாங்கும் சளிப்படலமும் சார்ந்தது. படலம் கெட்டால் அமிலம் இரைப்பைச் சுவரைத் தீண்டுகிறது; அழற்சி வருகிறது, சிலருக்குப் புண்ணாகிறது. பித்தப்பையின் சிக்கல் அடைப்பு. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கி, நீரை உறிஞ்சிச் சுண்டவைத்து, 30 முதல் 50 மில்லி அளவுக்குள் சேமித்து வைப்பது 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தப்பையின் வேலை. கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. இந்த ஹார்மோனை ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர் 1928இல் கண்டறிந்தார்கள். பையில் கல் இருந்து, பை சுருங்கும் நேரத்தில் அதன் கழுத்துப் பகுதியில் போய்ச் சிக்கிக்கொண்டால், வெளியேற வழியில்லாத பித்தநீருக்கு எதிராகப் பை முட்டிமோதுகிறது. அதுதான் பித்தப்பைக் கல் வலி. கல் தானாக நழுவிப் பின்வாங்கினால் வலியும் அடங்கிவிடும். நழுவாமல் சிக்கியே கிடந்தால் சுவர் வீங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, பிறகு கிருமிகளும் சேர்ந்துகொண்டு அழற்சியாகிறது. பித்தப்பை அழற்சிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்படிக் கல்லால் வருபவைதான். எஞ்சியவை பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடப்பவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள், நெடுநாள் வாய்வழி உணவில்லாதவர்கள் ஆகியோருக்குக் கல்லே இல்லாமல் வருபவை.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வலியின் குணம் புரியும். இரைப்பைக்காரர் வயிறு காந்துகிறது, எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, எதுக்களிக்கிறது என்பார். பித்தப்பைக்காரர் பிடித்து இறுக்குகிறது, பாரத்தை வைத்து அழுத்துகிறது என்பார். எரிச்சல் என்ற சொல் அவர் வாயில் அதிகம் வராது. வெறும் வாயுப் பிடிப்பு வந்து வந்து போகும். ஏப்பம் விட்டாலோ கீழே வாயு பிரிந்தாலோ ஆசுவாசமாக இருக்கும். பித்தப்பை வலி அப்படி அலையலையாக வருவதில்லை. கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஏறி உச்சத்துக்குப் போய், அங்கேயே விடாமல் நிற்கும். எத்தனை ஏப்பம் விட்டாலும் அசையாது.

உணவோடு உள்ள உறவும் எதிரெதிர். முன்சிறுகுடல் புண் பசியில் வலிக்கும், இரண்டு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ உள்ளே போனால் அடங்கும், நடுநிசியில் எழுப்பிவிடும். இரைப்பைப் புண் சாப்பிட்ட கையோடு வலிக்கலாம். பித்தப்பை வலி சாப்பிட்டவுடன் வருவதைவிட, கனமான சாப்பாட்டுக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ, படுத்துத் தூங்கிய பிறகோ வருவதுதான் வழக்கம். கல்யாண வீட்டில் இரவு விருந்து, நெய்ச்சோறு, பிரியாணி, வறுவல். பன்னிரண்டு, ஒரு மணிக்கு வலி. முன்சிறுகுடல் புண்ணும் அதே நேரத்தில்தான் எழுப்பும் என்பதால் கடிகாரம் மட்டும் இங்கே போதாது. எழுந்து ஏதாவது சாப்பிட்டால் தணிகிறதா, குமட்டல் கூடுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். பித்தப்பைக்காரருக்குச் சாப்பாட்டு நினைப்பே ஆகாது.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. 'கேஸ்' என்ற தவறான தீர்ப்பு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அதுதான் என்பது என் எண்ணம். ஒருவருக்குக் கல் வலி இரவு பதினொன்றுக்குத் தொடங்குகிறது. பதினொன்றரைக்கு ஓமத்தண்ணீர். பன்னிரண்டுக்குச் சோடா. பன்னிரண்டரைக்கு ஒரு கேஸ் மாத்திரை. ஒன்றரைக்குக் கல் தானாகவே நழுவுகிறது, வலி போய்விடுகிறது. வீட்டில் எல்லாரும் மாத்திரை கேட்டது என்று நம்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. அதே மாத்திரை, அதே பலன். கடைசியாக உள்ளே போனது எதுவோ அதற்குத்தான் பெயர் கிடைக்கிறது. உண்மையில் அமிலத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பித்தப்பைக் கல்லை அசைக்கும் சக்தி துளியும் கிடையாது. அமில வலியாக இருந்தால் ஆன்டாசிட் திரவம் குடித்த சிறிது நேரத்திலேயே எரிச்சல் குறைவதை உணரலாம். இரண்டு மணி நேரம் கழித்து நின்ற வலியை மருந்து நிறுத்தியதாகக் கணக்கில் எழுதக் கூடாது. 'எனக்கு அடிக்கடி கேஸ் வரும், மாசம் ஒரு தடவை நைட்ல வரும், ரெண்டு மூணு மணி நேரம் படுத்தும், அப்புறம் சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், அவருக்கு இன்னும் வயிற்று ஸ்கேன் எடுக்கவில்லை என்றால், எடுத்துவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கல் தற்காலிகமாகச் சிக்கிய வலி அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டியும் விடாமல் நிற்கும் வலி, கல் சிக்கிய கட்டத்தைக் கடந்து அழற்சிக் கட்டத்துக்குள் நுழைந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இந்த ஒரு கோட்டை நினைவில் வைத்துக்கொண்டாலே பல குடும்பங்கள் ஒரு நாள் முன்னதாக மருத்துவமனைக்குப் போய்விடும். வலி எப்போது தொடங்கியது என்று ஒரு தாளிலோ போனிலோ குறித்துக்கொள்ளுங்கள். 'நேத்து சாயந்தரத்துல இருந்து' என்று சொல்வதைவிட 'ராத்திரி பத்தரை மணியில இருந்து, ஒரு நிமிஷம்கூட விடல' என்பது மருத்துவருக்குப் பாதி நோயறிதல்.

அடுத்தது உடல் கிடக்கும் நிலை. கல் சிக்கிய வலியில் மனிதர் புரளுவார், எழுந்து உட்காருவார், கூடத்தில் நடப்பார். எந்த நிலையிலும் சுகம் கிடைக்காது. அழற்சி முற்றி வயிற்று உறையைத் தொட்டதும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது அசைந்தால் வலி. இருமினால் வலி. ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் விலாவைப் பிடித்துக்கொள்வார். ராத்திரி முழுக்கப் புரண்டவர் காலையில் அசையாமல் கிடக்கிறார் என்றால், அசந்துவிட்டார், வலி தேவலையாகிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வதுண்டு. அந்த அமைதி ஓய்வா, அசையப் பயப்படுவதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

வலி வேறு இடத்துக்குப் பரவுவதும் உதவும். பித்தப்பைக்கு மேலே கல்லீரல், அதற்கு மேலே உதரவிதானம். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோள்பட்டைக்கு உணர்வு தரும் நரம்புகளும் அதே மட்டத்திலிருந்து பிறப்பவை. எனவே அழற்சி மேலே உரசும்போது வலது தோளில் வலிக்கும். சிலருக்கு வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகில் குத்தும். 'முதுகுல வாயு பிடிச்சிருக்கு' என்று தைலம் தேய்த்துவிடச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். இரைப்பை வலி வலது தோளுக்கு ஏறுவது அரிது. முன்சிறுகுடலின் பின்சுவர்ப் புண் நேராக முதுகுக்குப் பாயலாம்.

இனி, இரண்டையும் பிரிக்கும் மிக அழகான பரிசோதனை. கருவி எதுவும் தேவையில்லை. சிகாகோவில் பணியாற்றிய ஜான் பெஞ்சமின் மர்ஃபி என்ற அறுவை மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியது. இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். மருத்துவர் வலது விலா எலும்புகளின் விளிம்புக்குக் கீழே விரல்களை மெல்ல அழுத்தி வைத்துக்கொண்டு, 'மூச்சை நல்லா உள்ள இழுங்கம்மா' என்கிறார். மூச்சு உள்ளே போகிறது. உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதோடு கல்லீரலும், கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் வீங்கிய பித்தப்பையும் இறங்கி வந்து காத்திருக்கும் விரல்நுனியில் முட்டுகின்றன. அந்தக் கணத்தில் மூச்சு பாதியில் அறுந்து நிற்கிறது. முகம் சுளிக்கிறது, கை தானாக வந்து மருத்துவரின் மணிக்கட்டைப் பிடிக்கிறது. பிறகு மருத்துவர் இடப்பக்கம் அதே இடத்தில் விரல்வைத்து மீண்டும் மூச்சிழுக்கச் சொல்கிறார். இப்போது மூச்சு தடையில்லாமல் முழுதாகப் போகிறது. வலப்பக்கம் நின்றதும் இடப்பக்கம் நிற்காததும் சேர்ந்தால்தான் மர்ஃபி அறிகுறி இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இரைப்பை அழற்சிக்காரரை நெஞ்சுக்குழியில் அழுத்தினால் நோகும், ஆனால் மூச்சு இப்படி அறுந்து நிற்காது. வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அழுத்தத் தெரியாத கை அழுத்தினால் எந்த வயிறும் நோகும். மூச்சை ஆழமாக இழுக்கும்போது வலது விலாவுக்கடியில் சுருக்கென்று பிடிக்கிறது என்று நோயாளி தானாகவே சொன்னால், அந்த வார்த்தையை விட்டுவிடாமல் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

காய்ச்சல் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சாதாரண அமிலத்தொல்லையிலோ ஆறாத அல்சரிலோ காய்ச்சல் வராது. மேல்வயிற்று வலியோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் 'கேஸ்' என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாந்தி இருவருக்கும் வரும், ஆகவே அது நல்ல பிரிப்பான் இல்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ கசப்பாக வெளியே வந்தால் 'பித்தம்' என்று சொல்லி, பித்தப்பையில் கோளாறு என்றோ, பித்தம் வெளியேறிவிட்டதால் இனிச் சரியாகிவிடும் என்றோ முடிவுகட்டுவது இரண்டுமே தவறு. இரைப்பை காலியான பிறகும் வாந்தி தொடர்ந்தால் எந்த நோயிலும் பித்தநீர் வரும். இரைப்பைப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய வாந்தி வேறு: இரத்தம், அல்லது காப்பித்தூள் கலந்தாற்போன்ற கறுப்பு. அதோடு தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றமடிக்கும் மலம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கறுக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். புண் ஓட்டையாகிவிட்டால், கத்தியால் குத்தினாற்போலத் திடீரென்று வலி வந்து வயிறு பலகையாக இறுகிவிடும். இரைப்பை நோய் என்றாலே சில்லறை நோய் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

வலிநிவாரணி விஷயத்தில் இந்த இரண்டு நோய்களும் நேரெதிராக நிற்கின்றன. பித்தப்பைக் கல் வலிக்கு மருத்துவர்கள் முதலில் எடுப்பது டைக்ளோஃபெனாக் போன்ற ஊசியைத்தான், நன்றாகக் கேட்கும். அதே டைக்ளோஃபெனாக் இரைப்பையின் சளிப்படலத்தைக் கெடுத்து, புண்ணிலிருந்து இரத்தம் கசியவைக்கக்கூடியது. மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கும் முதியவர்களுக்கு அல்சர் வருவது இந்த வழியில்தான். ஆகவே எந்த வலி என்று தெரியாமல் தெருமுனைக் கடையில் வலி மாத்திரை வாங்குவது, ஒரு நோய்க்கு நிவாரணம், மற்றொரு நோய்க்கு விஷம் என்ற நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவது. நிவாரணமாக அமைந்தாலும்கூட, ஊசியால் அடங்கியது வலி மட்டுமே. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தென்னிந்தியர்களுக்கு 'அல்சர்' என்ற சொல் முதலில் வாயில் வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்சிறுகுடல் புண் இங்கே உண்மையிலேயே பரவலாக இருந்த நோய். மைசூரில் பணிபுரிந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி, இந்தியாவில் அரிசி உண்ணும் பகுதிகளுக்கும் கோதுமை உண்ணும் பகுதிகளுக்கும் இந்தப் புண்ணின் பரவலில் இருந்த வேறுபாட்டை ஆராய்ந்திருக்கிறார். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் அல்சருக்குப் பின்னால் இருந்த ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்தெடுத்தார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருபுறம் இப்படி அல்சர் குணப்படுத்தக்கூடிய தொற்றாக மாறியது. மறுபுறம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிற்றூர்கள் வரை வந்துவிட, வட இந்தியாவின் நோய் என்று கருதப்பட்ட பித்தப்பைக் கல் இங்கேயும் சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. நோய்களின் முகம் மாறிய பிறகும் நம் நாக்கு பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

யாருக்கு வரும் என்பதிலும் ஒரு பழைய சித்திரம் வழியை மறைக்கிறது. நாற்பதைத் தாண்டிய, பருத்த, பிள்ளை பெற்ற பெண் என்பதுதான் பாடநூல்கள் தலைமுறைகளாகச் சொல்லித்தந்த பித்தப்பை நோயாளி. பெண்களுக்கு அதிகம் வருவது உண்மை. கர்ப்பமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளும் காரணம். உடற்பருமன் காரணம் என்பதும் உண்மை. உடல் எடையை அவசரமாகக் குறைப்பதும் கல்லை உண்டாக்கும் என்பதை எடைக்குறைப்பு விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆனால் தென்னிந்தியாவில் கொழுப்புக் கற்களோடு நிறமிக் கற்களும் கணிசமாகக் கிடைக்கின்றன. இவை இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையும் நோய்களிலும், கல்லீரல் சுருக்க நோயிலும், பித்தக்குழாய்த் தொற்றிலும் உருவாகும். இவற்றுக்குப் பருமனும் வேண்டாம், நாற்பது வயதும் வேண்டாம். ஒல்லியான இளைஞன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவனுக்கும் அதே பரிசோதனை வேண்டும். உலகில் முதன்முதலாகப் பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை 1882இல் பெர்லினில் நடந்தது. கார்ல் லாங்கன்பூக் செய்தார். பல ஆண்டுகள் வலியில் துடித்த அந்த நோயாளி 43 வயது ஆண்.

பரிசோதனைகளில் மக்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எண்டோஸ்கோப்பி எடுத்தாகிவிட்டது, 'லேசான கேஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறது, ஆகவே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று திருப்தியடைந்துவிடுவார்கள். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உட்புறத்தைக் காட்டும். சுவருக்கு அப்பால் இருக்கும் பித்தப்பையை அது பார்க்கவே பார்க்காது. லேசான இரைப்பை அழற்சி எத்தனையோ பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே இருக்கும். பித்தப்பைக்கு அல்ட்ராசவுண்ட்தான். ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், சாப்பிட்டால் பை சுருங்கிவிடும் என்பதால். அவசரம் என்றால் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். கல் இருக்கிறதா, பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன் கருவியாலேயே பித்தப்பைக்கு நேராக அழுத்தி மூச்சு நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். விலை அதிகம் என்பதால் சி.டி. ஸ்கேன் மேலானது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பல கற்கள் சி.டி.யில் தெரியாமலே போகும். இரத்தத்தில் வெள்ளையணுக்களும் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதமும் ஏறியிருந்தால் அழற்சிக்குக் கூடுதல் சாட்சி. மூச்சு நிற்பது போன்ற உடல் அறிகுறி, காய்ச்சல் போன்ற பொது அறிகுறி, ஸ்கேன் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று பித்தப்பை அழற்சிக்கான டோக்கியோ வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன.

எதிர்த்திசையிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டால் எல்லா வலிக்கும் அதையே குற்றவாளியாக்குவது. பித்தப்பையில் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுக்க மௌனமாகவே இருந்துவிடும். புளித்த ஏப்பம், வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் மட்டும் இருக்கும் ஒருவருக்குத் தற்செயலாகக் கல் தெரிந்து, அவசரப்பட்டுப் பையை எடுத்துவிட்டால், ஏப்பமும் உப்புசமும் பழையபடியே தொடரும். அதனால்தான் வலியின் குணத்தை விவரமாகக் கேட்டுக்கொள்ளும் மருத்துவரை நான் ஸ்கேன் அறிக்கையைவிட மேலாக மதிக்கிறேன்.

முதியவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் அவர்களிடம் மங்கிவிடுகின்றன. காய்ச்சல் வராது, அல்லது லேசாக மேல் சுடும். மர்ஃபி பரிசோதனையில் மூச்சு நிற்காமலும் போகலாம். எழுபத்தைந்து வயதுப் பாட்டி இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், பேச்சு சற்று குழறுகிறது, படுத்தே கிடக்கிறார். உள்ளே பித்தப்பை அழுகிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு, காற்றை உண்டாக்கும் கிருமிகள் பித்தப்பைச் சுவரிலேயே வளரும் கொடிய வகையும் வருவதுண்டு. இன்னொரு பயங்கரம்: சுவரின் இரத்த ஓட்டம் நின்று திசு சாகும்போது அங்குள்ள நரம்புகளும் சாகின்றன, வலி திடீரென்று குறைகிறது. 'கும்பிட்ட சாமி கைவிடல' என்று வீடு மூச்சு விடுகிறது. வலி குறைந்தும் நாடித் துடிப்பு வேகமாகிக்கொண்டே போனால், உடல் தளர்ந்துகொண்டே வந்தால், அது குணமாவதன் அடையாளமே இல்லை.

பக்கத்து வீட்டு நோய்கள் சிலவற்றையும் சுருக்கமாகத் தொட்டாக வேண்டும். கல் பித்தப்பையை விட்டு இறங்கிப் பொதுப் பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும், மலம் வெளுக்கும். அதோடு நடுக்கும் குளிர் ஜுரமும் வலியும் சேர்ந்தால் பித்தக்குழாய்த் தொற்று. மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. கணையத்தின் வாயை அடைத்தால் வலி பட்டையாக முதுகைச் சுற்றிக்கொள்ளும். மாரடைப்பும், குறிப்பாக இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்குவது, வாந்தியும் நெஞ்சுக்குழி வலியுமாக வந்து எல்லாரையும் ஏமாற்றும். வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடினால், மூச்சு முட்டினால் வாயுவா பித்தப்பையா என்ற விவாதமே வேண்டாம், 108ஐ அழையுங்கள். மேல்வயிற்று வலியோடு வரும் நடுவயதுக்காரருக்கு இ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பும் மருத்துவமனையில் நீங்களே கேட்டு எடுக்கச் சொல்லலாம்.

இரத்தக்கசிவோ ஓட்டையோ இல்லாத இரைப்பை நோயில் காலம் நம் பக்கம் இருக்கும்; மருந்துக்கு ஓரிரு வாரம் அவகாசம் கொடுத்துப் பார்க்கலாம். பித்தப்பை அழற்சியில் காலம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்து, வாய்வழி உணவை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, உடல்நிலை இடம்கொடுத்தால் முதல் சில நாட்களுக்குள்ளேயே லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றிவிடுவதே இன்றைய வழக்கம். தாமதமாகத் தாமதமாகச் சுற்றியுள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுவை கடினமாகிறது. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் முதன்முதலாகச் செய்த இந்தத் துளை அறுவையை, டெஹெம்டன் உத்வாடியா 1990இல் மும்பையில் செய்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று இது மாவட்டத் தலைநகரங்களில் சாதாரணமாக நடக்கிறது. அறுவை தாங்காத நிலையில் இருப்பவர்களுக்கு, தோல்வழியாக ஒரு குழாயைச் செருகிப் பையிலிருக்கும் சீழை வடித்துவிட்டுப் பிறகு யோசிப்பார்கள்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை யாராவது நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஓமத்தண்ணீர் கொடுங்கள், அதில் குற்றமில்லை. கொடுக்கும்போதே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் தாண்டியும் வலி நிற்கவில்லை என்றாலோ, வலது விலாவுக்கு நகர்ந்து மூச்சிழுத்தால் குத்துகிறது என்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ விடியும் வரை காத்திராமல் அந்த இரவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வலி தொடங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, அதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டை, இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும்.